தண்டவாளத்தைக் குறிவைத்த போர்: 1940-இன் நூறு ரெஜிமென்ட் தாக்குதல்

வட சீனாவின் ஷிஜியாசுவாங் நகரிலிருந்து மேற்கே தையுவானுக்கு ஒரு ரயில் பாதை போகிறது. நீளம் சுமார் 240 கிலோமீட்டர். பிரெஞ்சுக் கடனில் கட்டப்பட்டு 1907-இல் முடிந்த பாதை. தாய்ஹாங் மலைத்தொடரை ஊடறுத்துப் போவதால் வழிநெடுகப் பாலங்களும் சுரங்க வழிகளும் செங்குத்தான பள்ளத்தாக்குகளும்தான். நடுவே ஜிங்சிங், யாங்சுவான் என்று இரண்டு பெரிய நிலக்கரிப் பகுதிகள். 1937-இல் ஜப்பானிய ராணுவம் இந்தப் பாதையைப் பிடித்த பிறகு, மீட்டர் கேஜாக இருந்த தண்டவாளத்தை அதைவிட அகலமான ஸ்டாண்டர்ட் கேஜாக மாற்றியது. ஷான்ஷி மாகாணத்தின் நிலக்கரி கீழே இறங்கவும், ஜப்பானியத் துருப்புகள் மேலே ஏறவும் இதைவிட நல்ல வழி கிடையாது.

1940 ஆகஸ்ட் 20 இரவு 8 மணிக்கு இந்தப் பாதை நெடுகிலும் ஒரே நேரத்தில் தாக்குதல் தொடங்கியது. தாக்கியது எட்டாவது வழிப்படை. சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் கீழ் இருந்தாலும், ஜப்பானை எதிர்க்க ஏற்பட்ட கூட்டணியால் பெயரளவில் சியாங் கை ஷேக்கின் தேசிய ராணுவத்தில் ஓர் அங்கமாக இருந்த படை அது. அதுவரை கொரில்லாப் போருக்குப் பெயர் பெற்றிருந்த அந்தப் படை, போர்க்காலம் முழுவதிலும் நடத்திய மிகப் பெரிய தாக்குதல் இதுதான். டிசம்பர் 5 வரை நீண்டது. நூறு ரெஜிமென்ட் தாக்குதல் என்று பெயர்.

இதை மொத்தமாக வெற்றி என்பவர்களும் உண்டு, மொத்தமாகத் தவறு என்பவர்களும் உண்டு. சீனாவிலேயே அரசியல் காற்று மாறிய போதெல்லாம் தீர்ப்பும் மாறியிருக்கிறது. என் கருத்து வேறு. மூன்றரை மாதமும் நடந்தது ஒரே போர் அல்ல. தண்டவாளத்தை இலக்காக வைத்திருந்த வரை எட்டாவது வழிப்படை தன் பலத்தில் நின்று போரிட்டது. கோட்டைகளை நோக்கித் திரும்பிய நாளிலிருந்து எதிரியின் பலத்தில் போய் மோதியது. இரண்டையும் தனித்தனியாக எடைபோட வேண்டும். அதற்குத்தான் இந்த ஆய்வு.

கூண்டு

வட சீனாவில் ஜப்பானியப் படைகளின் தளபதி தாதா ஹயாவோ. நகரங்களும் ரயில் பாதைகளும் அவர் கையில் இருந்தன, கிராமங்கள் இல்லை. சமவெளியிலும் மலையிலும் எட்டாவது வழிப்படை தளப்பகுதிகளை அமைத்து வரி வசூலித்தது, ஆள் சேர்த்தது, பள்ளிக்கூடம்கூட நடத்தியது. இந்தத் தளங்களை ஒன்றிலிருந்து ஒன்றாகத் துண்டிக்க தாதா கையாண்ட முறையை 129-ஆவது டிவிஷனின் தளபதி லியூ போசெங் மூன்றே சொல்லில் விளக்கினார்: ரயில் பாதை தூண், சாலை சங்கிலி, காவல் கோபுரம் பூட்டு. இதைத்தான் கூண்டுக் கொள்கை என்று சொன்னார்கள்.

உள்ளே இருப்பவர்களுக்கு இதன் பொருள் அன்றாடம் தெரிந்தது. பாதையின் இருபுறமும் அகழி வெட்டினார்கள். வெட்டியது அந்தந்த ஊர் விவசாயிகள்தான். துப்பாக்கி முனையில், கூலி இல்லாமல். அகழிக்கு அந்தப் பக்கம் இருக்கும் சந்தைக்கு உப்பு வாங்கப் போக முடியாது. துணி வராது, மருந்து வராது. ஒரு தளத்தில் தாக்குதல் நடந்தால் பக்கத்துத் தளத்திலிருந்து உதவிக்கு ஓர் ஆளும் கடந்து வர முடியாது. ஷிஜியாசுவாங்–தையுவான் பாதையின் வடக்கே இருந்த ஷான்ஷி–சாஹார்–ஹெபெய் தளத்தையும், தெற்கே தாய்ஹாங் மலையிலிருந்த தளத்தையும் அந்த ஒரே ஒரு இரும்புக் கோடு பிரித்து வைத்திருந்தது.

வெளியே நிலைமை இன்னும் மோசம். 1940 மார்ச்சில் நான்ஜிங்கில் வாங் ஜிங்வெய் தலைமையில் ஜப்பானுக்கு ஒத்தூதும் அரசு அமைந்தது. ஜூனில் பிரான்ஸ் விழுந்தது. அதே மாதம் யாங்சி ஆற்றின் கரையிலுள்ள யீசாங் வீழ்ந்தது. தலைநகர் சோங்சிங் மீது நாள்தோறும் குண்டு. ஜூலையில் ஜப்பானின் மிரட்டலுக்குப் பணிந்து பிரிட்டன் பர்மா சாலையை மூன்று மாதத்துக்கு மூடியது. சியாங் கை ஷேக் சமாதானத்துக்கு இறங்கிவிடுவார் என்ற பேச்சு எங்கும் ஓடியது. கம்யூனிஸ்டுகள் ஜப்பானியருடன் மோதுவதே இல்லை, ஊர் ஊராகப் பரவுவது மட்டும்தான் அவர்கள் வேலை என்ற குற்றச்சாட்டும் தேசியவாத முகாமில் பலமாக இருந்தது.

எட்டாவது வழிப்படையின் தலைமைத் தளபதி சூ தே அந்த வசந்த காலத்திலேயே போர்முனையை விட்டு, கட்சித் தலைமை இருந்த யெனானுக்குப் போய்விட்டார். களத்தில் முடிவெடுக்க வேண்டியவர் துணைத் தளபதி பெங் தெகுவாய். ஹூனான் மாகாணத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதிலேயே சுரங்கத்தில் வேலை பார்த்தவர். வளைத்துப் பேசத் தெரியாதவர். அவரிடம் இருந்த யோசனை எளிமையானது: கூண்டை உடைக்க வேண்டுமானால் தூணை அடிக்க வேண்டும்.

22 எப்படி 105 ஆனது

ஜூலை 22-ஆம் தேதி சூ தே, பெங் தெகுவாய், துணைத் தலைமை அதிகாரி சுவோ சுவான் ஆகியோர் பெயரில் ஆயத்த ஆணை போனது. யெனானுக்கும் அதன் நகல் அனுப்பப்பட்டது. இந்த ஒரு விவரத்தைப் படிப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு இதற்காகவே ஒரு மனிதரை ஆண்டுக்கணக்கில் குற்றம் சாட்டினார்கள்.

ஆணை கேட்டது 22 ரெஜிமென்ட்டுக்குக் குறையாத படை. காலத்தையும் யோசித்தே குறித்திருந்தார்கள். ஆகஸ்டில் சோளமும் மக்காச்சோளமும் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கும். அந்தப் பசுமைக்குள் ஒரு படையே நடந்து போனாலும் காவல் கோபுரத்தில் இருப்பவனுக்குத் தெரியாது. மழைக்காலம் என்பதால் ஜப்பானியரின் லாரிகள் சேற்றில் திணறும். அவர்களது தேடுதல் வேட்டையும் அந்த நேரம் தளர்ந்திருந்தது.

தாக்குதல் தொடங்கி இரண்டு நாளில், வூசியாங் வட்டத்தின் சுவான்பி கிராமத்திலிருந்த தலைமையகத்தில் எந்தெந்தப் படைகள் இறங்கியிருக்கின்றன என்று கணக்கெடுத்தார்கள். நியே ரொங்சென்னின் ஷான்ஷி–சாஹார்–ஹெபெய் படையிலிருந்து 39 ரெஜிமென்ட். லியூ போசெங்கும் தெங் சியாவோபிங்கும் நடத்திய 129-ஆவது டிவிஷனிலிருந்து 46. ஹே லோங்கின் 120-ஆவது டிவிஷனிலிருந்து 20. கூட்டினால் 105. கேட்டதைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. இது நூறு ரெஜிமென்ட் போர் என்று சுவோ சுவான் சொல்ல, எத்தனை ஆனாலும் அந்தப் பெயரே இருக்கட்டும் என்று பெங் ஏற்றுக்கொண்டார். மொத்தம் சுமார் இரண்டு லட்சம் பேர்.

கேட்காமலே இத்தனை பேர் வந்ததற்கு உற்சாகம் ஒரு காரணம். கூண்டுக்குள் அடைபட்டிருந்த உள்ளூர்ப் படைகளுக்கு எப்போது வாய்ப்பு வரும் என்றிருந்தது. ஆனால் ஒரு திட்டம் ஐந்து மடங்காக வீங்கும்போது அதை யார் நிறுத்துவது என்ற கேள்வியும் கூடவே வருகிறது. எங்கே முடிக்க வேண்டும் என்ற எல்லையை முதல் ஆணை வகுத்த அளவுக்குப் பின்னால் வந்த ஆணைகள் வகுக்கவில்லை.

முதல் இருபது நாள்

எட்டாவது வழிப்படையிடம் பீரங்கி அபூர்வம். வெடிமருந்தும் குறைவு. அந்த நிலையில் 240 கிலோமீட்டர் பாதையை எப்படி அழிப்பது? அவர்கள் செய்த வேலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம்.

இருட்டியதும் ராணுவத்தின் ஒரு பகுதி அருகிலுள்ள காவல் கோபுரத்தைச் சுற்றி வளைத்துச் சுடத் தொடங்கும். உள்ளே இருப்பவர்கள் தலை தூக்க முடியாது. அதே நேரம் பின்னாலிருந்து மக்கள் படையும் கிராமத்தாரும் கடப்பாரை, ஸ்பேனர், மண்வெட்டி, கயிறுகளோடு பாதையில் ஏறுவார்கள். தண்டவாளத்தின் இணைப்புகளைக் கழற்றி, வரிசையாக நின்று ஒரே மூச்சில் புரட்டுவார்கள். பிடுங்கிய மர ஸ்லீப்பர் கட்டைகளை ஆளுயரத்துக்கு அடுக்கி, அதன் மேல் தண்டவாளங்களைக் குறுக்கே போட்டுத் தீ வைப்பார்கள். பழுக்கக் காய்ந்த இரும்பு தன் எடையிலேயே நடுவில் தொய்ந்து வளைந்துவிடும். வளைந்த தண்டவாளத்தைத் திரும்பப் போட முடியாது. உருக்காலைக்குத்தான் அனுப்ப வேண்டும். தந்திக் கம்பங்களை அறுத்துச் சாய்ப்பார்கள். கம்பியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். படைக்கு அது பெரிய சொத்து. கையிலிருந்த கொஞ்ச வெடிமருந்து பாலங்களுக்கும் தண்ணீர்த் தொட்டிகளுக்கும் மட்டும்.

இந்த வேலையில் ஜப்பானியரின் பயிற்சியும் விமானமும் பீரங்கியும் எதுவும் உதவவில்லை. ஒரு கோபுரத்துக்கு உதவிக்குப் போகலாம் என்றால் பக்கத்துக் கோபுரமும் அதே நேரம் உதவி கேட்டுக்கொண்டிருந்தது. தந்தி அறுந்து போயிருந்ததால் கேட்கவும் முடியவில்லை.

நியே ரொங்சென்னின் படை கிழக்குப் பாதியை எடுத்துக்கொண்டது. முதல் இரவே நியாங்சிகுவான் கணவாய் அவர்கள் கையில் விழுந்தது. யாங் செங்வூவின் பிரிவு ஜிங்சிங் நிலக்கரிச் சுரங்கத்தைத் தாக்கியது. சுரங்கத் தொழிலாளர்கள் மின்சாரத்தைத் துண்டித்து வழிகாட்டினார்கள். புதிய சுரங்கத்தின் இயந்திரங்கள் நொறுக்கப்பட்டன. குறைந்தது அரையாண்டுக்கு அங்கே உற்பத்தி நடக்கவில்லை. ஒரு ராணுவம் எதிரி நாட்டின் தொழிலையே அடிக்கும் வாய்ப்பு அடிக்கடி வராது. என்னைக் கேட்டால், இந்தப் போரின் மிகத் துல்லியமான அடி இதுதான்.

மேற்குப் பாதியில் 129-ஆவது டிவிஷன். யாங்சுவானில் ஜப்பானின் தனிக் கலப்பு 4-ஆவது பிரிகேடின் தலைமையகம் இருந்தது. ஊருக்குத் தென்மேற்கே ஷினாவோ மலை. அதன் மேலிருந்து பார்த்தால் நகரமும் ரயில் பாதையும் கைக்கெட்டும் தூரம். தாக்குதல் தொடங்கிய இரவு சென் சிலியனின் 385-ஆவது பிரிகேட் மழையில் அந்த மலையைப் பிடித்தது. மற்ற இடங்களில் பாதை பிடுங்கி முடியும் வரை யாங்சுவானிலிருந்து ஒரு ஜப்பானியனும் வெளியே வரக் கூடாது என்பது அவர்களுக்கு இட்ட வேலை. ஜப்பானியர்கள் விமானத்தில் குண்டு போட்டார்கள், நச்சுப் புகை வீசினார்கள், நகரிலிருந்த ஜப்பானியக் குடிமக்கள் கையிலும் துப்பாக்கியைக் கொடுத்து மேலே ஏற்றினார்கள். ஏறக்குறைய ஒரு வாரம் மலை விழவில்லை. வேலை முடிந்ததும் அவர்களாகவே இறங்கிப் போனார்கள். எதைப் பிடிக்க வேண்டும், எவ்வளவு நேரம் வைத்திருக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்ற மூன்றும் தெரிந்து செய்த போர் இது.

வடமேற்கில் ஹே லோங்கின் படை வட தோங்பூ ரயில் பாதையையும் ஃபென்யாங்–லீஷி சாலையையும் அறுத்து, அங்கிருந்து உதவி வராமல் பார்த்துக்கொண்டது.

ஜிங்சிங்கில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. சுரங்கத்தை ஒட்டிய சண்டையில் ஒரு ஜப்பானிய ரயில்வே ஊழியரும் மனைவியும் இறந்துபோக, அவர்களுடைய இரண்டு பெண் குழந்தைகளைச் சிப்பாய்கள் தீயிலிருந்து தூக்கி வந்தார்கள். மூத்தவளுக்கு நான்கைந்து வயது. இளையது கைக்குழந்தை, அதற்குக் காயமும் பட்டிருந்தது. இருவரையும் தன்னிடம் கொண்டுவரச் சொன்னார் நியே ரொங்சென். பக்கத்து ஊரில் பால் கொடுக்கும் தாய் ஒருத்தியைத் தேடிக் கைக்குழந்தையைக் கொடுத்தார்கள். மூத்தவள் யார் எதைக் கொடுத்தாலும் வாங்க மாட்டேன் என்றாள். தளபதி ஒரு பேரிக்காயைக் கழுவிக் கொடுத்த பிறகுதான் வாங்கினாள் என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். பிறகு ஒரு கடிதம் எழுதி, ஒரு விவசாயியின் தோளில் தண்டு வைத்து, இரு பக்கக் கூடைகளில் குழந்தைகளை உட்காரவைத்து, வழியில் தின்னப் பேரிக்காயும் போட்டு, ஷிஜியாசுவாங்கிலிருந்த ஜப்பானியப் படையிடம் அனுப்பி வைத்தார். ஜப்பானியச் சிப்பாய்களும் மக்களும் எங்கள் பகைவர் அல்லர் என்பதே அந்தக் கடிதத்தின் சாரம். இளையவள் அங்கே மருத்துவமனையில் இறந்தாள். மூத்தவள் 1980-இல் பெய்ஜிங் வந்து முதிய தளபதியைச் சந்தித்தாள். அந்தக் கடிதம் ஷிஜியாசுவாங் போய்ச் சேர்ந்த அதே மாதங்களில் என்ன பதில் வந்தது என்பதைக் கீழே பார்ப்போம்.

செப்டம்பர் 10 அளவில் முதல் கட்டம் முடிந்தது. ஷிஜியாசுவாங்–தையுவான் பாதையில் ஒரு மாதம் போல ரயில் ஓடவில்லை. வட சீன ஜப்பானியத் தலைமைக்கு இது முற்றிலும் எதிர்பாராத அடி என்பதையும், பாதையையும் ஜிங்சிங் சுரங்கத்தையும் சீர்செய்ய நிறையக் காலமும் பணமும் பிடித்தன என்பதையும் ஜப்பானிய ராணுவ வரலாறே ஒப்புக்கொள்கிறது. மாவோ யெனானிலிருந்து பெங்குக்குப் பாராட்டுத் தந்தி அனுப்பினார். இப்படி இன்னும் ஒன்றிரண்டு தாக்குதல் நடத்த முடியுமா என்று கேட்டார். சியாங் கை ஷேக்கும் வாழ்த்தினார். சோங்சிங் பத்திரிகைகள் கொண்டாடின. யீசாங் விழுந்ததிலிருந்து நல்ல செய்தியே கேட்காத நாடு அது.

கோட்டைகளை நோக்கி

இங்கே நிறுத்தியிருக்கலாம். செப்டம்பர் 22 வாக்கில் இரண்டாம் கட்டம் தொடங்கியது. நோக்கம் மாறிவிட்டது. தளப்பகுதிக்குள் ஊன்றியிருக்கும் ஜப்பானிய அரண்களைப் பிடிப்பது, கிடைத்த வெற்றியை விரிவாக்குவது என்றார்கள். ஷான்ஷி–ஹெபெய் எல்லையில் லாய்யுவான்–லிங்சியூ பகுதி நியேவுக்கு. தெற்கே யூஷே–லியாவோ பகுதி 129-ஆவது டிவிஷனுக்கு.

தண்டவாளத்துக்குத் திருப்பிச் சுடத் தெரியாது, கோட்டைக்குத் தெரியும். பீரங்கி இல்லாத படை, சிமெண்டும் கல்லும் சேர்த்துக் கட்டிய அரணைப் பிடிக்க வேண்டுமானால் மனிதர்களைத்தான் அனுப்ப வேண்டும். லாய்யுவான் அருகே தோங்துவான்பாவோவில் ஜப்பானியப் பயிற்சிப் பிரிவு ஒன்றைப் பிடிக்க மூன்று நாள் ஆனது. நச்சுப் புகை வீசினார்கள். முகத்தில் ஈரத் துணியைக் கட்டிக்கொண்டு திரும்பத் திரும்ப ஏறினார்கள். கடைசியில் உள்ளே எஞ்சியிருந்தவர்கள் சரணடைய மறுத்துத் தீயில் இறங்கினார்கள். வென்றதென்னவோ உண்மை. ஆனால் கையில் வந்தது ஒரு சிறு அரண். போனது பல ஆண்டு பழகிய சிப்பாய்கள், கம்பெனித் தளபதிகள். யூஷேயும் பிடிபட்டது. லாய்யுவான் நகரம் பிடிபடவில்லை.

காயம்பட்டவர்களைக் கவனித்த மருத்துவர்களில் இரண்டு பேர் இந்தியர்கள். 1938-இல் இந்திய தேசிய காங்கிரஸ் அனுப்பிய ஐந்து மருத்துவர்களில் கோட்னிஸும் பாசுவும் 1940-இல் ஷான்ஷி–சாஹார்–ஹெபெய் தளத்துக்கு வந்திருந்தார்கள். முன்னணிக்கு அருகிலேயே இரவு பகலாக அறுவை சிகிச்சை செய்தார்கள். சோலாப்பூரில் பிறந்த துவாரகாநாத் கோட்னிஸ் அடுத்த ஆண்டு அங்குள்ள பெத்தூன் சர்வதேச அமைதி மருத்துவமனைக்குத் தலைவரானார். 1942 டிசம்பரில் அந்த மண்ணிலேயே 32 வயதில் இறந்தார்.

குவான்ஜியானாவோ

அக்டோபர் 6 முதல் ஜப்பானியர் திருப்பித் தாக்கினார்கள். அதை முறியடிப்பதுதான் மூன்றாம் கட்டம். அப்போது ஒகாசாகி என்ற அதிகாரியின் கீழ் ஐந்நூறு பேர் கொண்ட ஜப்பானியப் பிரிவு ஒன்று தாய்ஹாங் மலைக்குள் வெகு ஆழமாகப் புகுந்தது. எட்டாவது வழிப்படையின் பெரிய ஆயுதத் தொழிற்சாலை ஹுவாங்யாதோங் பள்ளத்தாக்கில் இருந்தது. அந்தப் பகுதிவரை அவர்கள் வந்துவிட்டார்கள். பெங் கொதித்துப் போனார். ஐந்நூறு பேர் இப்படி வந்து போக முடியும் என்றால் நாளை எல்லோரும் வருவார்கள், ஒரு பிரிவையாவது முழுதாக அழித்துக் காட்ட வேண்டும் என்பது அவர் எண்ணம்.

வூசியாங் வட்டத்தின் குவான்ஜியானாவோ என்ற மேட்டில் அந்தப் பிரிவு சிக்கியது. உச்சி தட்டையான மேடு. ஒரு பக்கம் செங்குத்து, ஏறுவதற்கு வசதியான சரிவு ஒன்றுதான். மேலே விவசாயிகளின் குகை வீடுகள். ஜப்பானியர் ஒரே இரவில் அந்த வீடுகளை உள்ளுக்குள்ளேயே குடைந்து இணைத்தார்கள், பதுங்குகுழி வெட்டினார்கள், எதிர்மேட்டையும் பிடித்துக்கொண்டார்கள். ஏறும் சரிவு முழுவதும் இரு பக்கத் துப்பாக்கிக்கும் இலக்கானது.

அக்டோபர் 30 விடியுமுன் தாக்குதல் தொடங்கியது. இறங்கியவை 129-ஆவது டிவிஷனின் தேர்ந்த பிரிகேடுகள். ஐந்நூறு பேருக்கு எதிராகப் பல ஆயிரம் பேர். ஆனால் அந்தச் சரிவில் ஒரே நேரத்தில் சிலர்தான் ஏற முடியும். ஏறியவர்கள் விழுந்தார்கள், அடுத்தவர்கள் ஏறினார்கள். தாக்குதலை நிறுத்தி, இவர்கள் இறங்கிப் போகும் வழியில் மடக்கலாம் என்று லியூ போசெங் தொலைபேசியில் கேட்டார், பெங் மறுத்துவிட்டார். பிடிக்காவிட்டால் உங்கள் டிவிஷனின் எண்ணையே ரத்து செய்வேன் என்று அவர் கத்தியதாகப் பல நினைவுக்குறிப்புகளில் வருகிறது. பதுங்குகுழியில் பைனாகுலரோடு முன்னால் சாய்ந்து நிற்கும் பெங்கின் புகழ்பெற்ற படம் இந்தப் போரில் எடுத்தது. எடுத்தவர் சூ சியாவோபிங். எதிரியின் முன்வரிசையிலிருந்து சில நூறு மீட்டர் தூரத்தில் நின்றிருக்கிறார். துணிச்சல் யாருக்கும் தெரியும். ஒரு படையின் துணைத் தளபதி அந்த இடத்தில் நிற்க வேண்டிய அவசியம் என்ன என்ற கேள்விதான் எனக்கு அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் வருகிறது. லியூ சொன்னதில் போர்க்கலை இருந்தது. பெங் சொன்னதில் கோபம் இருந்தது.

ஒகாசாகி கொல்லப்பட்டார். ஆனால் உதவிப்படை நெருங்கியதால் முற்றுகையை விலக்க வேண்டியதாயிற்று; எஞ்சியவர்கள் தப்பினார்கள். முழுதாக அழிக்க வேண்டும் என்று தொடங்கியது நிறைவேறவில்லை.

கணக்கு

டிசம்பரில் எட்டாவது வழிப்படை வெளியிட்ட கணக்கு: சிறிதும் பெரிதுமாக 1,824 மோதல்கள். ஜப்பானியர் 20,645 பேர் கொல்லப்பட்டோ காயம்பட்டோ போனார்கள். பொம்மை அரசுப் படையினர் 5,155 பேர். பிடிபட்ட ஜப்பானியர் 281, பொம்மைப் படையினர் 18,407. அழித்த ரயில் பாதை 474 கிலோமீட்டர், சாலை 1,502 கிலோமீட்டர். தன் தரப்பில் இறந்தோரும் காயம்பட்டோரும் 17,000-க்கு மேல். நச்சுப் புகையால் பாதிக்கப்பட்டவர் 20,000-க்கு மேல்.

ஜப்பானியப் பதிவுகளில் அவர்களது இழப்பு இதைவிட வெகு குறைவு. இரவுப் போரில் எதிரியின் பிணத்தை யாரும் எண்ணுவதில்லை. ஒவ்வொரு பிரிவும் தன் மதிப்பீட்டை மேலே அனுப்ப, மேலே கூட்டுகிறார்கள். எனவே உயிரிழப்பு எண்ணை அப்படியே ஏற்க நான் தயங்குகிறேன். தண்டவாளக் கணக்கு அப்படியல்ல. 240 கிலோமீட்டர் பாதையைத் தாண்டி மற்றப் பாதைகளிலும் பிடுங்கியதையும் சேர்த்துத்தான் 474. இரு தரப்பும் சேதம் பெரியது என்றே சொல்கின்றன. முதல் கட்டத்தின் வெற்றிக்கு எதிரியே சாட்சி. அடுத்த இரண்டு கட்டங்களின் வெற்றிக்குப் பெரும்பாலும் சொந்த அறிக்கைதான் சாட்சி.

விலை

பதிலடி அந்த இலையுதிர் காலத்திலேயே வந்தது. தாய்ஹாங் மலைக்குள் ஏறிய ஜப்பானிய 1-ஆவது ராணுவத்தின் பிரிவுகளுக்கு வந்த ஆணை, இனி எட்டாவது வழிப்படை அங்கே வாழவே முடியாதபடி தளத்தை அழித்துவிடு என்பது. வீட்டைக் கொளுத்துவது, தானியத்தை எடுத்துப்போவது அல்லது எரிப்பது, கிணற்றில் நஞ்சிடுவது, கையில் கிடைப்பவரைக் கொல்வது எல்லாம் அதில் அடக்கம். 1941 ஜூலையில் தாதாவின் இடத்துக்கு ஒகாமுரா யசுஜி வந்த பிறகு இது வட சீனா முழுவதற்குமான முறையானது. எல்லாவற்றையும் எரி, எல்லோரையும் கொல், எல்லாவற்றையும் கொள்ளையிடு என்று சீன மக்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். 1941 ஜனவரியில் ஹெபெய் மாகாணத்தின் பான்ஜியாயூ என்ற ஒரே கிராமத்தில் 1,200-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள்.

கடப்பாரையோடு வந்து தண்டவாளத்தைப் புரட்டியவர்கள் இந்தக் கிராமங்களின் மக்கள்தான். படை மலை மாறிப் போய்விடும். அவர்களால் வயலைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. தளப்பகுதிகளின் மக்கள்தொகை 4.4 கோடியிலிருந்து 2.5 கோடியாகக் குறைந்தது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் எண். அத்தனை பேரும் இறந்தார்கள் என்று பொருளல்ல. பெரும்பகுதி ஜப்பானியர் கைக்குப் போன நிலத்தில் இருந்தவர்கள், ஓடிப்போனவர்கள். படையும் 4 லட்சத்திலிருந்து 3 லட்சமாயிற்று. 1942 மே மாதம் தாய்ஹாங் மலையில் தலைமையகமே சுற்றிவளைக்கப்பட்டபோது சுவோ சுவான் பீரங்கிக் குண்டுக்குப் பலியானார். லியாவோ வட்டம் இன்றைக்கு அவர் பெயரில்தான் இருக்கிறது.

தாக்குதல் நடக்காமல் இருந்திருந்தால் இந்தக் கொடுமையும் நடந்திருக்காது என்று சிலர் வாதிடுகிறார்கள். எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. கூண்டு 1940-க்கு முன்பே இறுகிக்கொண்டுதான் இருந்தது. கிராமங்களை எரிப்பதும் முன்பே தொடங்கியிருந்தது. எரித்த பழி எரித்தவனுடையது. ஆனால் மூன்று மாதம் தொடர்ந்து போரிட்டுக் களைத்து, பழகிய தளபதிகளை இழந்து நின்ற ஒரு படையால் அந்த மக்களைக் காப்பாற்ற முடியாமல் போனது என்பதும் உண்மை. இரண்டாம், மூன்றாம் கட்டங்களின் உண்மையான விலை அதுதான்.

விசாரணை

பெங் மீது வந்த குற்றச்சாட்டுகள் இந்தக் கோணத்தைத் தொடவே இல்லை. 1945-இல் யெனானில் வட சீனக் கூட்டம் என்ற பெயரில் பல மாதம் அவரைக் கேள்வி கேட்டார்கள். படையின் உண்மையான பலத்தை எதிரிக்குக் காட்டிக்கொடுத்தார் என்பது ஒரு குற்றம். சோங்சிங் அரசு எட்டாவது வழிப்படைக்கு ஒப்புக்கொண்டது மூன்று டிவிஷன், 45,000 பேர். 105 ரெஜிமென்ட் என்று அறிக்கை வந்தால் டோக்கியோ மட்டுமா திடுக்கிடும்? அக்டோபர் 19-ஆம் தேதியே கம்யூனிஸ்ட் படைகள் ஒரு மாதத்துக்குள் மஞ்சள் ஆற்றுக்கு வடக்கே போக வேண்டும் என்று சோங்சிங்கிலிருந்து தந்தி வந்தது. 1941 ஜனவரியில் கம்யூனிஸ்டுகளின் இன்னொரு படையான புதிய நான்காவது படையைத் தேசியப் படைகளே சுற்றிவளைத்துத் தாக்கின. இந்தக் குற்றச்சாட்டில் கொஞ்சம் நியாயம் உண்டு. மத்திய ராணுவக் குழுவின் ஒப்புதல் இல்லாமலே தொடங்கினார் என்பது இன்னொரு குற்றம். ஜூலை 22 ஆணையின் நகல் யெனானுக்குப் போயிருந்தது. பதில் வருமுன் பெங் தொடங்கிவிட்டார் என்பதும் உண்மை. அப்போது யாரும் அதைக் குற்றமாகப் பார்க்கவில்லை, பாராட்டுத் தந்திதான் வந்தது.

கொரியப் போரை நடத்தி, பாதுகாப்பு அமைச்சராகவும் இருந்த பெங், 1959 லூஷான் கூட்டத்தில் மாவோவின் பொருளாதாரக் கொள்கையை விமர்சித்துக் கடிதம் எழுதியதும் பழைய கணக்கைத் திரும்பவும் எடுத்தார்கள். கலாசாரப் புரட்சியில் சிவப்புக் காவலர்கள் அவரை அடித்து ஊர்வலம் விட்டபோது நூறு ரெஜிமென்ட் தாக்குதலும் குற்றப்பட்டியலில் இருந்தது. 1974 நவம்பர் 29-இல் காவலிலேயே இறந்தார். 1978 டிசம்பரில்தான் அவர் பெயர் மீட்கப்பட்டது.

காவலில் இருந்தபடி அவர் எழுதிக் கொடுத்த தன்விளக்கங்கள் 1981-இல் புத்தகமாக வந்தன. தாக்குதலைத் தொடங்கியது சரி என்பதில் அவர் அசையவில்லை. குறித்த நாளுக்கு ஏறத்தாழ பத்து நாள் முன்பே, ஒப்புதலுக்குக் காத்திராமல் தொடங்கியதையும் மறைக்கவில்லை. ஆனால் கடைசிக் கட்டத்தைப் பற்றி வேறு மாதிரி எழுதுகிறார். தேடுதல் வேட்டைக்கு வரும் ஜப்பானியப் பிரிவுகளில் ஒன்றையாவது முழுதாக அழித்துவிட வேண்டும், அப்போதுதான் சிறு பிரிவாக உள்ளே வரப் பயப்படுவார்கள் என்று தான் நினைத்ததாகவும், அந்த எண்ணம் அன்றைய நிலைமைக்குப் பொருந்தவில்லை என்றும், அதனால் படை களைத்து, 129-ஆவது டிவிஷனில் சேதம் கூடிப்போனது என்றும் ஒப்புக்கொள்கிறார். யெனானிலும் லூஷானிலும் அவரைக் கேட்டவர்கள் முதல் இரவைப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அவரோ குவான்ஜியானாவோவைப் பற்றிப் பதில் எழுதி வைத்திருந்தார்.